ஹல் நகரத்து வீடும் நாஞ்சில் நாட்டு ஓலையும்

இங்கிலாந்தின் ஹல் நகரில், ஆற்றை ஒட்டிய பழைய தெருவில் ஒரு செங்கல் வீடு. அடிமை வணிகத்தை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாதாடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1759-இல் பிறந்தது இங்கேதான். 1906-லேயே இதை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

அங்கே என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஒரு மரக்கப்பல். ‘புரூக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் சிறு மாதிரி. வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்துக்கே எடுத்துப்போய்க் காட்டியது. தளம் முழுக்கச் சின்னச் சின்ன மனித உருவங்கள், தோளோடு தோள் உரச, புரண்டு படுக்கவும் இடமில்லாமல். ஒரு பயணத்தில் 600 பேருக்கு மேல் ஏற்றிச்சென்ற கப்பல் அது. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவருக்கும் பெயர் இல்லை.

1807-இல் வணிகத்துக்குத் தடை. 1833-இல் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம். வில்பர்ஃபோர்ஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ந்து, தூக்குமேடை ஏறிய சாம் ஷார்ப் இல்லாமல் அந்தச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. வந்தபோதும் இழப்பீடாக 2 கோடி பவுண்டு போனது எஜமானர்களுக்குத்தான். அதற்காக வாங்கிய கடனை பிரிட்டன் அடைத்து முடித்தது 2015-இல். அடிமைகளுக்கோ சல்லிக்காசு கிடையாது. தொழில் பழகுகிறவர்கள் என்று பெயரை மாற்றி, 1838 வரை அதே தோட்டங்களில் பெரும்பாலும் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள்.

நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்று அதன் 64-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. இந்தியாவுக்கு 1843-இல் தனிச் சட்டம் வந்தது. ஒருவர்மீது இன்னொருவருக்கு அடிமை உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்காது என்ற அளவோடு அது நின்றுகொண்டது. தஞ்சாவூர்ப் பண்ணையாளைக் கடனும் சாதியும் அப்புறமும் விடவில்லை. திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாடு 1855 வரை காத்திருந்தது.

அந்த நாஞ்சில் நாட்டின் ‘முதலியார் ஓலைகள்’ என்னும் பழைய ஓலை ஆவணங்களில் ஆட்களை விற்ற பத்திரங்கள் இருக்கின்றன. ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் படித்து அச்சுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆய்வாளர்களுக்கு அது போதும், ஊருக்குப் போதாது. ஓர் ஓலையையாவது எழுத்துத் தெரியும்படி கண்ணாடிக்குள் வைத்து, யார் விற்றார், யார் வாங்கினார், விலைபோனது யார் என்று பக்கத்திலேயே இன்றைய தமிழில் எழுதிவைக்க நமக்கு ஒரு வீடு வேண்டும். நாகர்கோவிலிலோ தஞ்சாவூரிலோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரக்கூடிய தூரத்தில்.