சிரிக்கிற நாய்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



"ரெண்டு பக்கம் காலியா இருக்குடா, ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் ஒரு வாரமாகப் பின்னாலேயே அலைந்தான். கவிதை எழுதலாம் என்றால், நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. (போன வருட மலரில் நிலா மட்டும் ஏழு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்!) அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். இது ஒரு வீடியோ கேம் துப்பாக்கியின் கதை. சிரிக்காதீர்கள். அந்தத் துப்பாக்கியை உடைத்தது நான்தான் என்ற எண்ணத்தை ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தவன் நான்.

நாங்கள் இருப்பது திருப்பூரில் ஒரு லைன் வீடு. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங். ஒரு அறை, ஒரு அடுப்படி. பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். அந்த ஒற்றை அறைக்கு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது எங்கள் டிவி. 2006ஆம் ஆண்டு தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்ததே, அந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. பதினாலு இஞ்ச். ரேஷன் கார்டு ஊரில் இருந்ததால் டிவியும் ஊரில்தான் கிடைத்தது. "எனக்கு எதுக்குடா இந்தப் பொட்டி, புள்ளைக்குக் கொண்டு போ" என்று பாட்டி சொல்லிவிட, அப்பா அதைப் பஸ்ஸில் மடியில் வைத்தே திருப்பூர் வரைக்கும் கொண்டு வந்தாராம். மடியில் வைத்திருந்த சாமானுக்கும் கண்டக்டர் லக்கேஜ் போட்டார் என்பது அப்பாவின் தீராத குறை. இன்றைக்கும் சொல்வார்.

2014ல், நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, திருவிழாக் கடையில் ஒரு டிவி கேம் வாங்கினோம். ஐநூறு சொன்னதை அம்மா முந்நூற்று ஐம்பதுக்குக் கொண்டு வந்தார். இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட், ஒரு துப்பாக்கி. கேசட்டின் மேல் ஏழு ஒன்பது போட்டிருக்கும், அத்தனை ஆட்டம் உள்ளே இருக்கிறதாம்! எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது. அதே மரியோ, அதே கான்ட்ரா, அதே கார் ரேஸ் வேறு வேறு நம்பரில் திரும்பத் திரும்ப வரும். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இந்தப் பெட்டி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கேசட்டைக் கழற்றி 'ஃபூ' என்று ஊதாத கை யாருடையது?

இப்போது படித்த பிறகுதான் தெரிகிறது, அது 1983ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல். நாம் 8085 என்று முட்டி மோதுகிறோமே, அதே எட்டு பிட் சாதி. அசல் பெட்டியில் தனித்தனியாகக் காலோடு இருந்த சிப்பெல்லாம் நகலில் ஒரு கறுப்புத் தார்ச் சொட்டுக்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் முந்நூற்று ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தது.

மரியோவும் கான்ட்ராவும் எனக்கு. துப்பாக்கி அப்பாவுக்கு!

ஆமாம், அப்பாவுக்குத்தான். ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு வருவார். கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். "ம், போடு" என்பார். நான் அந்த வாத்து ஆட்டத்தைப் போடுவேன். டக் ஹன்ட். 1984ல் வந்த ஆட்டம். புல்லுக்குள்ளிருந்து வாத்து கிளம்பும், மூன்று குண்டு, அதற்குள் சுட வேண்டும். சுட்டால் ஒரு நாய் வாத்தைத் தூக்கிக் காட்டும். தவறிவிட்டால் அதே நாய் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பாவுக்கு அந்தத் திரையில் இருந்த ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் குறி தப்பாது. நாள் முழுக்க ஊசி முனையையே பார்க்கிற கண் அல்லவா! எப்போதாவது தப்பிவிட்டால் அந்த நாயைப் பார்த்து அவருக்கு வரும் கோபம் இருக்கிறதே... "இந்த நாய்க்கு ஒரு குண்டு வைக்கணும்டா" என்று அதன் மேலும் சுடுவார். நாய் மேல் குண்டு படாது. சிரித்துக்கொண்டே இருக்கும். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "தகப்பனும் மகனும் லைட்ட அமத்துங்க" என்பார். அப்பா என்னோடு பேசியது அந்த அரைமணி நேரம்தான். மற்ற நேரம் அவர் கம்பெனியில், நான் பள்ளிக்கூடத்தில்.

2016 தீபாவளி. போனஸ் வந்தது. மீதியைத் தவணையில் கட்டலாம் என்று அப்பாவும் அம்மாவும் எல்.இ.டி. டிவி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். அன்று மதியம் எனக்கு என்ன தோன்றியதோ, தையல் மிஷின் டிராயரில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துப்பாக்கியைத் திறந்துவிட்டேன். உள்ளே குண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குண்டு இல்லை. முனையில் ஒரு கண்ணாடி வில்லை, அதன் பின்னால் பருப்பு மாதிரி ஒரு சின்ன சாமான், இரண்டு வயர். வெளியே ஆட்டோ சத்தம் கேட்டது. அவசர அவசரமாக மூடினேன். ஒரு ஸ்க்ரூவைக் காணவில்லை.

ஆட்டோவில் புது டிவி வந்து இறங்கியது. பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லைனில் இருந்த எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரே பெருமை. "பெரிய படத்துல வாத்து சுடுறதப் பாருங்க" என்று டிவி கேமை மாட்டச் சொன்னார். மரியோ ஜம்மென்று ஓடியது. வாத்து ஆட்டம் போட்டேன். அப்பா சுட்டார். விழவில்லை. மறுபடி சுட்டார். கிட்டப் போய், முனையைத் திரையில் ஒட்டி வைத்தே சுட்டார். ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த நாய், புது டிவியில் முன்னைவிடப் பெரிதாக எழுந்து நின்று சிரித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பா துப்பாக்கியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். துப்பாக்கி ஸ்லாப்புக்குப் போய்விட்டது. பத்தே நாளில், நவம்பர் 8ஆம் தேதி, ஐநூறு ரூபாயும் ஆயிரம் ரூபாயும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை குறைந்தது. டிவித் தவணை மட்டும் குறையவில்லை. வாரத்தில் மூன்று நாள் அப்பா பகலிலேயே வீட்டில் படுத்திருப்பார். அந்த நேரத்தில் துப்பாக்கி இருந்திருந்தால்... என்று நினைத்து நினைத்து மருகிய ஒன்பது வயதுப் பையனை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பிளேஸ்டேஷன் கடை இருந்தது. அரைமணிக்குப் பத்து ரூபாய். 2000ஆம் ஆண்டில் வந்து, 2013 தொடக்கத்தில் தயாரிப்பே நின்றுபோன பி.எஸ்.டூ மூன்று வைத்திருந்தார் அந்த அண்ணன். பத்து ரூபாய் இருப்பவன் உட்காருவான், இல்லாதவன் பின்னால் நிற்பான். நான் நின்ற நேரம்தான் அதிகம். நிற்பவர்கள் சும்மா நிற்பதில்லை, "லெப்ட்ல போ, லெப்ட்ல போ" என்று காசு கொடுத்தவனைவிட அதிகமாக ஆடுவோம். சான் ஆண்ட்ரியாஸ் ஆட்டத்துக்கான சீட் கோடு முழுவதும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வாய்ப்பாடு மறந்தாலும் அது மறக்காது! அந்தக் கடை இப்போது இல்லை. எல்லார் கைக்கும் செல்போன் வந்தது, 2020ல் ஊரடங்கும் வந்தது. கடை போய்விட்டது.

அந்த அண்ணனிடம்தான் ஒருநாள் துப்பாக்கியைப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போனேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். "சுவிட்ச் நல்லாத்தான் இருக்குது தம்பி. உள்ள இருக்கிற சின்ன சாமான்தான் போயிருக்கும். அது தனியாக் கிடைக்காது" என்றார். என் தலையில் இடி விழுந்தது. சரி, நாம்தான் கெடுத்துவிட்டோம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடையில் இருந்த மூன்றும் பழைய டப்பா டிவிகள். அன்று துப்பாக்கியோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்!

இந்த வருடம் போட்டோ டயோடு நடத்தியபோது சார் பயன்களைச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்தப் பருப்பு மாதிரி சாமான் ஞாபகம் வந்தது. அன்று இரவே தேடிப் படித்தேன். விஷயம் இதுதான். நாம் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகிறது. நம் ஊர் டிவிக் கணக்கில் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கி முனையில் இருக்கும் சாமான் கறுப்பையும் வெள்ளையையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால் வாத்து விழும். ஆக, துப்பாக்கி எதையும் சுடவில்லை, அது பார்க்க மட்டும்தான் செய்கிறது. சுடுவது டிவி!

டப்பா டிவியில் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாக வரைகிறது, நொடிக்கு 15,625 கோடு. சிக்னல் வந்த கணமே அந்த இடத்தில் வெளிச்சம். எல்.இ.டி. டிவி அப்படி இல்லை. படத்தை வாங்கி, உள்ளே வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றிப் பிறகு காட்டும். அதற்குள் பெட்டி கணக்கை மூடிவிடும். வெள்ளைக் கட்டம் வரும்போது கேட்க ஆள் இருக்காது.

ஸ்க்ரூ காரணமில்லை. நானும் காரணமில்லை. புது டிவிதான் காரணம்!

படித்தது போதாது, பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நம் லேபின் மூலையில் துணி போர்த்தி ஒரு பழைய டப்பா டிவி இருக்கிறதே, டெலிவிஷன் பாடம் இருந்த காலத்தில் வாங்கியது, அது இன்னும் எரிகிறது என்று லேப் அண்ணன் சொன்னார். மறுநாள் டிபன் பைக்குள் பெட்டியையும் துப்பாக்கியையும் வைத்துக் கொண்டு வந்தேன். அன்று லேபில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதல் வாத்து பறந்தது, சுட்டேன், விழுந்தது. என் கை நடுங்கியதற்குக் காரணம் தெரியாமல் நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்றீர்கள். துறைத் தலைவர் வந்து, "என்னப்பா இது, பிராக்டிகலா?" என்றார். "ஆமா சார், போட்டோ டயோடு" என்றேன். அவரும் வாங்கி மூன்று குண்டு சுட்டார். மூன்றும் தப்பியது. நாய் சிரித்தது. நாம் யாரும் சிரிக்கவில்லை!

அன்று இரவு போனில் எடுத்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். கோடு, கற்றை, வெள்ளைக் கட்டம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அன்னைக்கு மத்தியானம் நான் அதக் கழட்டிப் பாத்தேம்ப்பா" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடிப்பா?"

"ஸ்க்ரூ ஒண்ணு கால்ல குத்துச்சு. அன்னைக்கு ராத்திரியே."

"பெறகு ஏன் திட்டல?"

"திட்டிருந்தா மட்டும் வாத்து விழுந்திருக்குமாக்கும்" என்றார். கை கழுவிவிட்டு வந்து வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார். நாய் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இந்த நாயச் சுட ஒரு வழியும் இல்லையாடா?"

"இருந்திருக்குப்பா. வெளிநாட்டுல கடையில காசு போட்டு ஆடுற பெரிய மெஷின்ல இதே ஆட்டம் இருந்துச்சாம். அதுல போனஸ் ரவுண்டுல நாயையும் சுடலாமாம்."

"அதான பாத்தேன். காசு போட்டாத்தான் நாயச் சுட விடுவான்."

ஆண்டு விழாவுக்கு அப்பா வருகிறார். லீவு சொல்லியாகிவிட்டது. லேப் சாவியைக் கையோடு வைத்திருக்கும்படி லேப் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.