அலமாரியில் 140 கேசட்டுகள், ஆர்டர்கள் பதினொன்று

என் கணவர் காலமானபோது விட்டுச் சென்றவற்றில் ரொம்ப கனமானது ஒரு மர அலமாரி. உள்ளே 140 வீடியோ கேசட்டுகள். தொண்ணூறுகளில் டிவியில் நல்ல படம் போட்டால் போதும், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசிஆர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். விளம்பரம் வந்தால் நிறுத்துவார், படம் தொடங்கினால் மறுபடி ரெக்கார்டு. ஒவ்வொரு கேசட்டின் மேலும் நீல மையில் படத்தின் பெயர், தேதி. திருட்டு விசிடியை மட்டும் வீட்டு வாசலுக்குள் விடமாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

போன வருடம் திறந்து பார்த்தால் சிலவற்றில் பூஞ்சை. மனசு கேட்கவில்லை. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். மூன்று மணி நேரப் படத்தை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழியே கிடையாது. படம் ஓட ஓட நான் கீரை ஆய்வேன்.

எதிர்வீட்டு மாமி ஒரு காப்பி கேட்டார். கொடுத்தேன். அவர் தங்கை கேட்டார். பென் டிரைவ் செலவு கையைக் கடிக்கவே, ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டேன். ‘பழைய படங்கள் 12, ஒரே பென் டிரைவில், 450 ரூபாய்.’ இரண்டு வாரத்தில் பதினொரு ஆர்டர்கள். ஏழு பேருக்கு கூரியர் போய்விட்டது. பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் எனக்கு, நானே சம்பாதித்த காசு என்பதில் கொஞ்சம் பெருமைகூட.

எட்டாவது பார்சலை ஒட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் போன் செய்தான். சென்னையில் வக்கீல்.

“அத்தை, அந்தப் போஸ்டை இப்பவே எடுத்துடுங்க.”

“ஏன்டா, டிவியில இலவசமா வந்த படம்தானே?”

“பார்க்கிறதுக்கு இலவசம் அத்தை. விக்கிறதுக்கு இல்ல.”

நானும் விடவில்லை. கேசட் எங்கள் காசில் வாங்கியது என்றேன். கேசட் உங்களுடையது, அதில் இருக்கும் படம் தயாரிப்பாளருடையது என்றான். பென் டிரைவுக்குத்தான் காசு, படம் அன்பளிப்பு என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தான். ‘காப்பிரைட் மீறும் நோக்கம் இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பார்களே, அதற்கும் அதே சிரிப்பு.

1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தில் 63-வது பிரிவாம். தெரிந்தே மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிபதி குறைக்கலாம். ஆனால் நான்தான் விலையைப் போட்டு, என் போன் நம்பரையும் கொடுத்து, பணத்தையும் ஜிபேயில் வாங்கியிருக்கிறேனே! சாட்சி தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. இந்தப் பிரிவில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதை 2022-இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்திருக்கிறது என்றான்.

தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்களாம். “உங்க மேல அதெல்லாம் போட மாட்டாங்க அத்தை” என்று சமாதானம் வேறு சொன்னான். குண்டர் சட்டத்தையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டியதாயிற்றே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற நினைப்பு வேறு.

மறுநாள் நானே அவனைக் கூப்பிட்டேன். ரொம்பப் பழைய படங்களையாவது விற்கலாமா என்று கேட்டேன். அங்கேதான் விஷயம் சுவாரஸ்யம். படம் வெளியான வருடம் முடிந்து 60 வருடம் வரைதான் அந்தப் படத்துக்குக் காப்புரிமை. ‘பாசமலர்’ 1961. அப்படியானால் 2021-உடன் முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். “இருங்க” என்றான். பாட்டு வரிகளுக்குக் கணக்கு தனி. எழுதியவர் மறைந்த பிறகு 60 வருடம். கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக 2041 வரை. இசைக்கும் அப்படித்தான். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரில் பின்னால் மறைந்தவர் விஸ்வநாதன், 2015-இல். ஆக 2075 வரை. பாட்டை எல்லாம் வெட்டிவிட்டு ‘பாசமலர்’ விற்க முடியுமா? யார் வாங்குவார்கள்?

வீட்டில் நான் பார்ப்பதற்காக ஒரு காப்பி வைத்துக்கொள்வதைச் சொந்த உபயோகம் என்று சொல்ல இடமிருக்கிறதாம். விலை வைத்த நிமிடமே அந்தப் பேச்சு போய்விடும். போனை வைக்கும் முன், “இதுவரைக்கும் தெரியாம செஞ்சீங்க அத்தை. இனிமே அப்படிச் சொல்ல முடியாது” என்றான். நேற்றே சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை.

பதிவை எடுத்தேன். பார்சல் போகாத நாலு பேருக்கு 1,800 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். ஏற்கெனவே வாங்கிய ஏழு பேருக்கும், பணத்தைத் தருகிறேன், பென் டிரைவைத் திருப்பி அனுப்புங்கள் என்று விளக்கமாக எழுதினேன். இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். நான்கு பேரிடமிருந்து பதிலே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மிச்சமிருந்த ஒருவர் மட்டும் உடனே பதில் போட்டார். “மேடம், எட்டாவது படம் பாதியில நின்னுடுது. வேற ஒண்ணு அனுப்பி வைங்க.”