கங்கு

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி அரைமணி ஆகியும் மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. நாலு வாளி தண்ணீர் கொட்டினேன். தளம் அதைக் குடித்துவிட்டு ஆவியை என் முகத்திலேயே விட்டது. அக்கினி நட்சத்திரத்தில் ஆழ்வார்குறிச்சி இப்படித்தான். மேற்கே அத்திரி மலை கைக்கு எட்டுகிற தூரத்தில் நீலமாக நிற்கும். காற்று மட்டும் வராது. கடனா அணை 85 அடி என்று பேர். இந்த மாதத்தில் ஊர்ப்பக்கம் ஆற்றில் மணல்தான் ஓடும்.

கரண்டும் போய்விட்டது. பிளாஸ்டிக் நாற்காலியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பக்கத்து வீட்டுப் புறவாசல் முழுசாகத் தெரியும். கிணறு, துவைகல், கவிழ்த்துப்போட்ட ஆட்டுரல், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மாடு இல்லாத தொழுவத்தில் இரண்டு பைக். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. பார்க்காமலும் இருக்கவில்லை.

லீவுக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். மூத்தவன் சென்னையிலிருந்து, இளையவன் கோயம்புத்தூரிலிருந்து, மகளும் மருமகனும் நாகர்கோவிலிலிருந்து. பிள்ளைகள் ஆறோ ஏழோ. ஒரு இடத்தில் நின்றால்தானே எண்ண முடியும். மூத்தவன் காரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தான். பிரித்தால் நாலு கால், ஒரு தொட்டி, மேலே கம்பி வலை, பக்கத்தில் தட்டு வைக்க ஒரு பலகை. பார்பிக்யூ அடுப்பு. திருகாணி ஒன்று குறைந்தது. தென்னை மூட்டில் மொபைல் டார்ச்சை அடித்து எல்லோரும் குனிந்து தேடினார்கள். கடைசியில் கடைக்குட்டியின் கைக்குள் இருந்தது.

கரி மூட்டையும் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. சிரட்டையும் கதம்பையும் தொழுவத்தில் கூரை முட்டக் கிடக்கிற வீடு அது.

பற்றவைக்கும் படலம் முக்கால் மணி நேரம். முதலில் செய்தித்தாள். அது எரிந்து கருப்புப் பூவாகப் பறந்தது; கரி அப்படியே இருந்தது. பிறகு கற்பூரம், பூஜை அலமாரியிலிருந்து டப்பாவோடு. புறவாசல் முழுக்கக் கோயில் வாசனை. மருமகன் எங்கிருந்தோ ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து நீட்டினார். "அத்தான், கோழில வாடை இறங்கிரும்" என்று இளையவன் தடுத்தான். ஆளுக்கொரு யோசனை. நெருப்பைச் சுற்றி நாலு ஆண்கள் நின்றால் அங்கே ஐந்து அபிப்பிராயம் இருக்கும்.

ஆச்சி துவைகல்லில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்த் தென்னை மூட்டில் கிடந்த சில்லாட்டையை ஒரு கை அள்ளி, கதம்பை நாரைப் பிய்த்து உள்ளே பொதிந்து, குருவிக் கூடு மாதிரி ஆக்கி மகன் கையில் கொடுத்தாள். மேலே ரெண்டு சிரட்டையைக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். பழையபடி துவைகல்.

பற்றிக்கொண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அடுப்பு வெளியே வந்தால் அது ஆண்களிடம் போய்விடுகிறது. இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. கொடைக்குக் கிடா வெட்டினால் கரண்டி ஆண்கள் கையில்தான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனால் ஆற்றங்கரைக் காடெல்லாம் குடிசையும் கல்லடுப்புமாக இருக்கும். அங்கேயும் தோளில் துண்டோடு அண்டாவைக் கிண்டுகிறவர்கள் அண்ணாச்சிமார்தான். வருஷம் முழுக்க அடுக்களை எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் யோசிக்கிற ஆட்கள். இங்கேயும் கோழி வாங்கிவந்தது ஆண்கள். நாலு மணிக்கே அதைக் கழுவி, கீறி, இஞ்சி பூண்டு நல்லமிளகு அரைத்து, தயிரும் எலுமிச்சம்பழமும் விட்டுப் பிசறி வைத்தது யார் என்பது அடுக்களை ஜன்னலில் தெரிந்தது. அம்மி ஓடிய சத்தம் மாடிவரை கேட்டது.

பார்பிக்யூ என்ற சொல் எங்கிருந்தோ வந்ததுதான். கரீபியன் தீவுகளின் தாயினோ மக்கள் நெருப்புக்கு மேல் குச்சிகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த பெயர், ஸ்பானியர் வாயில் பர்பகோவா ஆகி ஊர் சுற்றியது. ஆனால் சங்கதி நமக்குப் பழசு. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள்.

கோழி கம்பிக்கு ஏறியது. தீ ஒரு முழம் எழும்பி நின்றது. அதுதான் தப்பு. மூத்தவன் என்னிடம் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவன். எரிதலை நான் நடத்தியதற்கான அடையாளமே அவனிடம் இல்லை. புன்சன் அடுப்பில் காற்றுத் துளையை மூடினால் சுவாலை மஞ்சளாகும், குடுவையின் அடி கரி பிடிக்கும். வருஷா வருஷம் செய்து காட்டியிருக்கிறேன். அந்த மஞ்சள் முழுசாக எரியாத கரித்துகள் ஒளிர்வது. அதில் இறைச்சியைக் காட்டினால் கரிதான் பூசும். கொழுப்பு உருகிச் சொட்டச் சொட்டத் தீ இன்னும் எகிறும். சொல்லவில்லை. மாடியில் இருக்கிறவனுக்குப் பார்க்கிற வேலை மட்டும்தான்.

ஆச்சி ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எய்யா, தீ அமரட்டும். கங்கு விழட்டும்."

"எம்மா, நீ சும்மா இரி. நான் யூடியூப்ல பாத்துட்டுதான் செய்யுதேன்."

ஆச்சி சும்மா இருந்தாள்.

ஒரு பத்து நிமிஷம் அந்த வளவே மணத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மசாலின் ஈரம் வற்றி, தோல் பழுப்பேறுகிற அந்த ஒரு கட்டம். 1912-ல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கி, வருகிற பழுப்பு நிறத்தைப் பற்றி எழுதினார். சுட்ட இறைச்சி, வறுத்த காப்பிக்கொட்டை, முறுகிய தோசை எல்லாவற்றின் மணத்துக்கும் வேர் அதில்தான். பாடத்திட்டத்தில் இல்லை என்று நான் நடத்தாமல் விட்டது. எதிர்வீட்டு நாய் சுவரேறி வந்து உட்கார்ந்தது.

பிறகு பழுப்பு கருப்பானது. இளையவன் விசிறினான், விசிறக்கூடாது என்று அத்தான் சொன்னார். முதல் துண்டைக் கடித்த சின்னப்பெண், "மாமா, இது உள்ள ஏன் ரோஸா இருக்கு?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மூத்தவனின் மனைவி வந்தாள். தட்டை எடுத்தாள். துண்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் தோசைக்கல்லில் எண்ணெய் சீறும் சத்தமும் மூடி வைக்கும் சத்தமும் கேட்டன. கரண்டும் வந்தது. "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று உள்ளிருந்து குரல். ஆண்கள் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். நாய் மட்டும் போகவில்லை. பத்து வயசுப் பேரன் ஒருத்தனும் போகவில்லை.

அப்போதுதான் ஆச்சி எழுந்தாள்.

முறத்தில் நாலு நாட்டுக் கத்தரிக்காய், ஒரு கை பலாக்கொட்டை, மூன்று கல்லிடைக்குறிச்சி அப்பளம். தொட்டிக்குள் இப்போது தீ இல்லை. சாம்பல் போர்த்திய கங்கு. ஊதினால் மட்டும் சிவக்கும். மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இடுக்கியால் கம்பி வலையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஏல, கைய இங்கன நீட்டு. தொடாத. ஒரு சாண் மேல. எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆ, சுடுது ஆச்சி."

"மூணா? அப்பளத்துக்குச் சரி. அஞ்சு எண்ணுத வரைக்கும் தாங்கினாக் கத்தரிக்கா."

அப்பளத்தை இடுக்கியில் கவ்வி, கங்குக்கு மேல் ஒரு வீச்சு. திருப்பி ஒரு வீச்சு. நடுவில் நிற்கவே விடவில்லை. ஓரத்தில் கொப்புளம் எழுந்து, வெண்மை விளிம்பிலிருந்து நடுவுக்கு ஓடி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் காசளவு பழுப்பு. பையன் வாங்கி முறித்த சத்தம் எனக்குக் கேட்டது.

கத்தரிக்காயை எண்ணெய் தொட்டுத் தடவிக் கங்குக்குள்ளேயே படுக்க வைத்தாள். அரைவட்டம் அரைவட்டமாக உருட்டினாள், தூளிப்பிள்ளையைப் புரட்டுவதுபோல. தோல் வெடித்து ஒரு நூல் அளவு நீர் கசிந்து சுர்ரென்றது. காம்பைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். இன்னும் இல்லை. பொறுத்தாள். மறுபடி அழுத்தினாள். போதும்.

பலாக்கொட்டை பையனின் பொறுப்பு. "மூக்கக் கிள்ளிட்டுப் போடு. இல்லேன்னா வெடிக்கும்." பையன் கிள்ளிக் கிள்ளிச் சாம்பலில் புதைத்தான். ஒன்றை மறந்துவிட்டான் போல. டப்பென்று ஒரு வெடி. சாம்பல் எழுந்து ஆச்சியின் வெள்ளைச் சேலையெல்லாம் விழுந்தது. நாய் சுவரைத் தாண்டி ஓடியது. பையன் முகம் செத்துவிட்டது. ஆச்சி வாயில் மிச்சமிருந்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

பலா மடலையும் சடையையும் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் வைத்திருந்தாள், காலையில் குழி தோண்டிப் புதைக்க. வெளியே எறிய மாட்டாள். 2022 நவம்பரில் சிவசைலம் பக்கத்தில் கரடி மூன்று பேரைக் கடித்ததிலிருந்து, மலையடிவாரத்தில் பலா வாசனையைத் திறந்து வைக்கக் கொஞ்சம் பயம் உண்டு.

உள்ளே டிவி ஓடத் தொடங்கியது. சிரிப்புச் சத்தம். வெளியே இவர்கள் இருவரும் பேசாமல் கொட்டையை உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மலைப்பக்கமிருந்து முதல் காற்று அப்போதுதான் வந்தது. தொட்டிக்குள் கங்கு ஒருமுறை சிவந்து அடங்கியது.

"மாடியில யாரு, சார்வாளா?" ஆச்சி தலையைத் தூக்காமலே கேட்டாள். "ரெண்டு கொட்டை கொடுத்தனுப்பட்டா?"

எப்போதிலிருந்து தெரியுமோ. நான் தலையை ஆட்டினேன். இருட்டில் அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது; பையன் சிரட்டையில் ஏழு கொட்டையோடு மாடிப்படி ஏறிவந்தான்.

மறுநாள் காலையில் பார்பிக்யூ அடுப்பைக் கழற்றி அதே அட்டைப்பெட்டியில் போட்டுத் தொழுவத்துப் பரணில் ஏற்றினார்கள். கம்பி வலையை மட்டும் ஆச்சி விடவில்லை. நேற்றைய சாம்பலையே தொட்டு, கதம்பை நாரால் கிணற்றடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிச்சச் சாம்பல் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், பாத்திரம் துலக்க.

மத்தியானம் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் சுட்ட கத்தரிக்காய்த் துவையல் வந்தது. கோழி வரவில்லை.