மாற்குவின் இயேசு

தவக்காலம் என்பதால் மாற்கு நற்செய்தியை ஒரே மூச்சில் வாசித்தேன். 16 அதிகாரம்தானே!

இயேசு யாரென்று முதல் வரியிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார் மாற்கு. கதைக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. தீய ஆவிகள் கண்டுகொள்கின்றன; இயேசு அவற்றின் வாயை அடைக்கிறார். நலம்பெற்றவர்களிடம் வெளியே சொல்லாதே என்கிறார் (கேட்டார்களா என்ன!). கூடவே திரியும் சீடர்களோ, புயல் அடங்கிய பிறகும் இவர் யாரோ என்று மிரள்கிறார்கள்.

8ஆம் அதிகாரம்தான் உச்சம். பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு இரண்டு முறை தொட வேண்டியிருக்கிறது. முதல் தடவை மனிதர்கள் மரங்களைப்போலத்தான் தெரிகிறார்கள். அடுத்த காட்சியில் பேதுரு அவரை மெசியா என்கிறார். ஆனால் பாடுபட்டுச் சாகும் மெசியாவை ஏற்க முடியாமல், சாத்தானே என்று திட்டு வாங்குகிறார். அவருக்கும் பாதிப் பார்வைதான். மாற்கு இவற்றைத் தற்செயலாக அடுத்தடுத்து வைத்ததாக நான் நம்பவில்லை.

இயேசு தம்மை இப்படி மறைத்துக்கொள்வது வரலாறல்ல, தொடக்கத் திருச்சபையின் இறையியல் என்று 1901இல் வாதிட்டார் ஜெர்மன் அறிஞர் விரேடே. இருக்கலாம். யோவான் நற்செய்தியில் இத்தனை ஒளிவுமறைவு கிடையாது. அங்கே இயேசு தம்மைப் பற்றித் தாமே விரிவாகப் பேசுகிறார்.

மாற்குவிலோ, ஒரு மனிதர் வாய்திறந்து அவரை இறைமகன் என்பது அவர் உயிர்விட்ட பிறகுதான். அதுவும் சீடர் அல்ல, சிலுவைக்கு எதிரே நின்ற ரோமானிய நூற்றுவர் தலைவர்.