பத்மநாபபுரத்துச் சுவர்ச் சித்திரங்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் ராஜபாட்டையில் தக்கலை ஒரு சந்தடி மிகுந்த ஊர். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, மாணவர் சிலருடன் நாம் பத்மநாபபுரத்துக்கு நடந்தோம். தூரம் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். வேளிமலையைப் பார்த்துக்கொண்டே போனால் கால் வலி தெரியாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூருக்குத் தலைநகரம் இதுதான். 1956-இல் இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தது. அரண்மனை மட்டும் இன்றளவும் கேரள சர்க்காரின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. அவர்கள் நன்றாகவே காப்பாற்றுகிறார்கள். ஆகையால் வரப்பு வழக்கு நமக்கு வேண்டாம்.

கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையில் மாணவர்கள் முகம் பார்த்து மகிழ்ந்தனர். நமது மனமோ உப்பரிகை மாளிகையில் இருந்தது. மார்த்தாண்டவர்ம மகாராஜா காலத்தில் எழுந்த அந்த நான்கு நிலைக் கட்டடத்தின் உச்சி அறை ஸ்ரீ பத்மநாபனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதன் சுவர்களில் அனந்தசயனமும், கண்ணனும், சாஸ்தாவும் இன்னும் பல தெய்வங்களும் இடைவெளியின்றி நிறைந்திருக்கின்றனர். மேலே பொதுவாக ஜனங்களை விடுவதில்லை. ஆகவே புத்தகப் படங்களில் கண்டதையே மாணவருக்கு எடுத்துச் சொன்னோம். சுண்ணச் சாந்து பூசி உலர்ந்த சுவர்; காவியும் மஞ்சளும் மண்ணிலிருந்து; பச்சை இலையிலிருந்து; கறுப்பு விளக்குப் புகையிலிருந்து. கடைத்தெருவில் வாங்கிய பொருள் அதில் அநேகமாய் எதுவுமில்லை!

“ஸார், எழுதியவர் யார்?” என்றான் ஒரு பையன். பெயர் கிடையாது என்றோம். அவனுக்கு ஏமாற்றம்.

இதே திருவிதாங்கூர் அரசவையின் நிழலில் வளர்ந்த ரவிவர்மாவின் கதை வேறு. கிளிமானூரில் 1848-இல் பிறந்த அவர், இளம் பிராயத்திலேயே திருவனந்தபுரம் வந்து, அரண்மனைச் சித்திரக்காரர் ராமசாமி நாயுடு எழுதுவதைக் கண்டு கற்றார். எண்ணெய் வர்ண வித்தையை ஐரோப்பிய முறையில் பழகினார். 1873-இல் வியன்னாக் கண்காட்சியில் பரிசு பெற்றார். 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கி, அவர் லக்ஷ்மியையும் ஸரஸ்வதியையும் ஏழை வீட்டுச் சுவருக்கும் அனுப்பி வைத்தார். அதை நாம் சிறிய தொண்டாக எண்ணவில்லை. தக்கலைக் கடைகளில் மாலை சூடித் தொங்கும் தெய்வங்களின் முகத்தில் இன்றும் அவர் சாயல் தெரிகிறது. 1979-இல் அவர் படைப்புகளை வெளிநாட்டுக்குக் கொண்டு போகலாகாதென்று இந்திய சர்க்கார் தடுத்தது. 2023-இல் அவருடைய யசோதை-கிருஷ்ணன் சித்திரம் ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போயிற்று.

படச் சந்தைக்குக் கையொப்பம் வேண்டும், சட்டம் வேண்டும், கை மாற வேண்டும். உப்பரிகைச் சுவருக்கு இம்மூன்றும் இல்லை. அதை யாரும் ஏலத்தில் கேட்க முடியாது என்பது அதற்கு ஒரு காவல். விலை கேட்காததை ஊராரும் விசாரிப்பதில்லை என்பதுதான் நம் வருத்தம். வழியில் நாம் கேட்ட நாலு பேரில் மூவர் அரண்மனைக் கட்டிலைப் பற்றிச் சொன்னார்கள். சித்திரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

மூச்சுக் காற்றும் ஈரமும் பழைய வர்ணத்துக்குப் பகை. மேல்மாடியைத் திறந்துவிடச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் குருவாயூரில் 1989 முதல் இவ்வித்தையைக் கற்பிக்கும் ஒரு சித்திரசாலை நடைபெறுகிறது. அங்கே தேர்ந்த இளைஞர் இருவரை வரவழைத்து, தக்கலைப் பள்ளிக்கூடம் ஒன்றின் சுவரில் அந்த அனந்தசயனத்தை அதே மண் வர்ணங்களால் எழுதச் செய்யலாம். சுவரைத் தர ஒரு தலைமையாசிரியர் முன்வந்தால், காவி மண்ணைச் சுமக்க நம் மாணவர்கள் தயார்.