துடியலூரில் ஒரு புத்தக விருந்து

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் சுமார் 10 கிலோ மீட்டர் போனால் துடியலூர். மேற்கே குருடிமலை தெரியும். ஊட்டிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுப் போகிற ஊர். இறங்கினால் விருந்தீஸ்வரர் கோயிலைத் தரிசிக்கலாம். சுந்தரருக்கு இறைவனே விருந்து படைத்த தலம் என்பார்கள். 2011-ல் இவ்வூர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கையா, இங்கேதான் குடியிருக்கிறார். கைவைத்தியக் குறிப்புகளைத் தொகுத்து, சொந்தச் செலவில் 300 பிரதி அச்சடித்திருந்தார். வெளியீட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பே என்னை வரச் சொல்லிவிட்டார்.

சொந்தமாகப் புத்தகம் போடுவது இப்போது சுலபம். ஆனால் பதிப்பகம் என்றால் பிழை திருத்த ஒருவர், சந்தேகம் கேட்க ஒருவர் இருப்பார்கள். இங்கே எழுதியவரே எல்லாம். அதனால் 'ன', 'ண' இடம் மாறுகிறது. ஓரம் விடாமல் அச்சடித்ததில் வரிகள் தையலுக்குள் மறைகின்றன. விழாவிலோ பொன்னாடையும் பாராட்டும்தான்! புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர் எத்தனை பேர்?

துடியலூருக்குச் சற்று முன்னால் வரும் ஜி.என். மில்ஸ் பகுதியில்தான் விமர்சகர் கோவை ஞானி (1935–2020) வாழ்ந்தார். தமிழாசிரியர், வானம்பாடிக் கவிஞர்களோடு இருந்தவர். சர்க்கரை நோயால் பார்வை போன பிறகும், பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டே புத்தகங்களை எடை போட்டார். பெண்களுக்கென்று சிறுகதைப் போட்டியும் நடத்தினார். காதால் கேட்டால் குறை தப்பாது என்று எனக்குத் தோன்றியது. நங்கையாவை உட்கார வைத்து, புத்தகத்தை உரக்கப் படித்தேன்.

நாலைந்து எழுத்துப் பிழைகளுக்கு இருவரும் சிரித்தோம். "பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தடவவும்" என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"எங்கம்மா எங்களுக்கெல்லாம் தொட்டு வச்சதுதானே, அம்மிணி?"

"வச்சாங்க, சரிங்க நங்கையா. இப்ப டாக்டருங்க ஒரு வயசு முடியற வரைக்கும் தேனே கூடாதுங்கறாங்க. அச்சுல இருந்தா சின்னப் பொண்ணுக அப்படியே நம்பிருவாங்க."

தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். மலச்சிக்கல் வரும், உடம்பு துவளும், பால் குடிக்கச் சக்தி இராது, மூச்சுக்கே ஆபத்தாகலாம். காய்ச்சினாலும் அந்த வித்து எளிதில் சாகாது.

நங்கையா முகம் வாடிப் போனது. ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. "விழா முடிஞ்சு சொல்லியிருக்கலாமே" என்றார். முடிந்தபின் சொன்னால் 300 வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்குமே! மறுநாள் காலையில் அவரே திருத்தச் சீட்டு அடித்து வரச் சொன்னார். இருவரும் பசை தடவி, ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியின் மேலேயே ஒட்டினோம். மாலைக்குள் முடிந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது புத்தகம் போட்டால், அச்சுக்குப் போகுமுன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். நல்லதை முதலில் சொல்லுங்கள். குறையைத் தனியாக, பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள். மருந்து, அளவு, குழந்தை உணவு என்றால் டாக்டரிடம் காட்டாமல் அச்சேற்ற விடாதீர்கள். இரண்டு நாள் வருத்தம் இருக்கும், பரவாயில்லை.