நூற்றுக்கு ஐம்பத்தைந்து

சியாட்டில் நகரிலே பிறந்து வளர்ந்த நம் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்து இரண்டு வாரம் நம்மோடு தங்கியிருந்தான். கம்பனைப் பற்றி நாம் பேசினால் அவன் கொட்டாவி விடுவான். பேஸ்பால் பற்றி அவன் பேசினால் நாம். ஆயினும் ஒரு பெயரை அவன் சொல்லும்போதெல்லாம் குரல் சற்றே கம்மியது. ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ். 2005 முதல் 2019 வரை மரினர்ஸ் என்னும் அவனூர் அணிக்கு மட்டுமே பந்து வீசியவர்.

"அவர் கணக்கில் 169 வெற்றி, 136 தோல்வி, சித்தப்பா" என்றான். வகுத்துப் பார்த்தோம்: 55.4 விழுக்காடு. அதே காலத்தவரான சி.சி. சபாத்தியாவுக்கு 251 வெற்றி, 161 தோல்வி. ஏறத்தாழ 61 விழுக்காடு. "அப்படியானால் சபாத்தியாதானே மேல்?" என்றோம். பையன் நம்மைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்திருந்தது.

பிறகுதான் விதியை விளக்கினான். தொடக்க வீச்சாளர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். அவர் களம்விட்டு நீங்கும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பின்னால் வருவோர் அந்த முன்னிலையைக் கைவிடாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி அவர் பெயரில் ஏறும். ஓட்டமெடுப்பதோ பிறர் வேலை. எட்டு இன்னிங்ஸில் ஒரே ஓட்டம் கொடுத்தவர் தோற்கலாம். ஐந்து கொடுத்தவர் வெல்லலாம். பெயர் வெற்றி விழுக்காடு. அளப்பதோ பாதி அவரை, பாதி அவருக்கு வாய்த்த கூட்டத்தை.

2010ஆம் ஆண்டைப் பாருங்கள். மரினர்ஸ் 61 ஆட்டம் வென்று 101 தோற்றது. அவ்வாண்டு எர்னாண்டஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.27, கணக்கிலே 13 வெற்றி, 12 தோல்வி. நியூயார்க் யாங்கீஸ் அணியிலிருந்த சபாத்தியாவின் சராசரி 3.18, வெற்றி 21, தோல்வி 7. அந்த லீகின் சிறந்த வீச்சாளருக்குரிய சை யங் விருதை எழுத்தாளர் சங்கத்தினர் எர்னாண்டஸுக்கே அளித்தனர். 2012 ஆகஸ்டில் எதிரணியின் 27 பேரில் ஒருவரையும் முதல் தளத்தை எட்டவிடாமல் அவர் வீசி முடித்த நாளில்கூட, அவர் அணியினர் எடுத்த ஓட்டம் ஒன்றே ஒன்று!

பையனின் பக்தியை நாம் முழுதாக ஏற்கவில்லை. எர்னாண்டஸ் முப்பது வயதுக்குப் பின் விரைவாகத் தளர்ந்தார்; கடைசி ஆண்டுகளின் தோல்விகளுக்குப் பிறர்மேல் பழிபோட இயலாது. சபாத்தியாவும் 2019 வரை ஆடி மூவாயிரம் பேருக்கு மேல் 'ஸ்ட்ரைக்அவுட்' செய்தவர். 2025இல் முதல் வாக்கெடுப்பிலேயே அவர் புகழ்மாடம் புகுந்ததில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் எர்னாண்டஸ் அல்லர்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய கல்லூரியொன்றில், பருவத்தேர்வு முடிவுகள் வந்ததும் ஆசிரியர் பேரவையில் தேர்ச்சி விழுக்காட்டை வாசிப்பார்கள். நம் வகுப்பு காலைச் சுற்று. நல்ல மதிப்பெண் பெற்று வந்த பிள்ளைகள். மதியச் சுற்றில் முதற்பகுதித் தமிழ் எடுத்தவர் ஓர் இளம் கௌரவ விரிவுரையாளர். அவருடைய மாணவர்கள் காலையில் அச்சகத்திலும் பட்டறையிலும் வேலை முடித்து, கையில் மையோடும் கிரீசோடும் வந்து அமர்வார்கள். யாப்பை அவர் அவர்களுக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பதை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறோம். நம்மால் அப்படிச் சொல்லித்தர முடியாதென்று அப்போதே தெரியும்.

பேரவையில் நம் பெயருக்குக் கைதட்டல். ஒரு புத்தகப் பரிசு. அவரை எழுப்பி விளக்கம் கேட்டார்கள். "முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது, ஐயா" என்றார். காலைச் சுற்றோடு ஒப்பிட்டுப் பேசும்படி சொன்னார்கள். அவர் ஒருமுறை நம் பக்கம் திரும்பினார். நாம் பரிசுப் புத்தகத்தின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அடுத்த கல்வியாண்டில் அவரது பணி புதுப்பிக்கப்படவில்லை.

பையன் ஊர் திரும்புமுன் எர்னாண்டஸின் பெயர் பொறித்த தொப்பியொன்றை நமக்குத் தந்தான். புத்தக அலமாரியில் வைக்க இடம் தேடியபோது அந்தப் பரிசுப் புத்தகம் கையில் அகப்பட்டது. இன்றுவரை அதை நாம் படிக்கவில்லை.